பக்திப் பாட்டுக்குள் ஒளித்த காகிதங்கள்

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், எங்கள் பக்கம் அம்மா, தங்கை லதா, நான். ஏழாவது ஆள் அழைக்காமல் வந்தவர். தோளில் துவர்த்துத் துண்டோடு வாசலில் நின்ற பாஸ்வேர்ட் அண்ணன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே அவரளவு ரகசியம் காத்த மனிதரும் கிடையாது, அவரளவு ரகசியங்களை உலகத்துக்கு வாரி வழங்கியவரும் கிடையாது.

உதியன்குளங்கரை முக்கில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். எதிரே ஸ்டாண்டில் என் ஆட்டோ. கீபோர்டைத் தொடுமுன் துவர்த்தை விரித்து இரண்டு கைகளையும் மூடிக்கொள்வார். அதற்குள்தான் பாஸ்வேர்ட் அடிப்பார். அடிக்கத் தொடங்கும்போது சொன்ன சாயா, வந்து, ஆறி, ஆடை படிந்த பிறகும் அடித்துக்கொண்டிருப்பார். நடுவில் யாராவது தும்மினால் மறுபடி முதலில் இருந்து. சொந்தப் பெயரைக் கேட்டால் "ஒனக்கு எதுக்கு?" என்பார். கரண்டு பில்லில் இருந்த பெயர்மேல்கூட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்.

ஆனால் பாட்டென்றால் உயிர். அப்போது ஒரு மென்பொருள் வந்திருந்தது. நடுவில் கடை, கம்பெனி எதுவும் கிடையாது. ஒருவர் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை இன்னொருவர் நேராக எடுத்துக்கொள்ளலாம். நாம் ஒரு ஃபோல்டரைத் திறந்துவைத்தால் உலகம் அதில் அள்ளும், நாமும் உலகத்தில் அள்ளலாம். புண்ணியமும் சேரட்டும் என்று அண்ணன் 'பக்திப் பாட்டு' ஃபோல்டரைத் திறந்துவைத்தார்.

ஊரார் ஸ்கேன் செய்யக் கொண்டுவரும் ரேஷன் கார்டு, ஜாதகம், ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் அவர் அழிப்பதில்லை. திரும்ப வேண்டியிருக்குமே! கள்ளன் வந்தாலும் தேடாத இடம் எது என்று மூன்று நாள் யோசித்து, அத்தனையையும் ஒளித்துவைத்தார். எங்கே? 'பக்திப் பாட்டு' ஃபோல்டருக்குள்.

கல்ஃபில் வேலை பார்த்த பொழியூர்க்காரர் ஒருவர் மாதா பாட்டுத் தேடப்போக, அவருடைய அம்மாவின் ரேஷன் கார்டு வந்து இறங்கியிருக்கிறது. அந்தக் கார்டை அம்மா ஸ்கேன் செய்யக் கொடுத்தது அண்ணன் கடையில் மட்டும்தான். உடனே போன்.

"அண்ணா, எனக்க அம்மைக்க கார்டு ஒமக்க பாட்டுக்குள்ள என்ன செய்யுது?"

அண்ணன் கம்ப்யூட்டரின் வயரையே பிடுங்கிவிட்டார். அன்றே கடையைப் பூட்டி, வீடு வீடாகப் போய் "ஒங்க காகிதம் வெளிய போச்சு, எனக்க தப்பு" என்று சொல்லத் தொடங்கினார்.

ஸ்டாண்டில் இதைக் கேட்டதும் எனக்கு லதாவின் நினைவுதான் வந்தது. அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டும் அங்கே உண்டு. சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்து, மருந்தில் குணமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. மாப்பிள்ளையிடம் அவளே போனில் சொல்லியிருந்தாள். "அம்மைக்கிட்ட நானே பொறவு பக்குவமா சொல்லுதேன்" என்றிருந்தார் அவர். அதற்குள் அந்த அம்மாவின் காதில் ஏடாகூடமாக விழுந்தால் கல்யாணம் நின்றுபோகும். நான்கு ராத்திரி நான் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, அண்ணன் வாசலில்.

"மக்கா, ஒரு காகிதக் காரியம் உண்டு."

"அண்ணா, பொறவு பேசலாம்."

"பொறவு சொன்னா தப்பாக்கும்."

தாய்மாமன் நிமிர்ந்தார். "என்ன காகிதம்?"

"சொல்ல மாட்டேன்."

"யாருக்க காகிதம்?"

"அதும் சொல்ல மாட்டேன்."

"பின்ன எதுக்கு ஓய் வந்தீரு?"

"சொல்லத்தான்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "இந்த வீட்டுல என்னமோ மறைக்காங்க. இப்ப சொல்லணும், இல்லேன்னா நாங்க எறங்குதோம்."

சாயாத் தட்டோடு வந்த லதா அதை மேசைமேல் வைத்தாள். அண்ணன் அந்த அம்மாவை உற்றுப் பார்த்தார். நேராக அவரிடம் போய், துவர்த்தால் வாயை மறைத்துக்கொண்டு, காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மா மெல்ல உட்கார்ந்தார்.

"சாயா ஆறுது, எடுங்க," என்றார். அன்றே நாள் குறித்தார்கள்.

மறுநாள் கொல்லயில் ஊரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு அண்ணனை நான்தான் ஆட்டோவில் கொண்டுபோனேன். "நான் திரும்பி வாற வரைக்கும் ஹாரன் அடிச்சுக்கிட்டே நில்லு. ஒனக்க காதுல ஒண்ணும் விழப்படாது" என்றார். அடித்தேன். தெருவில் என்னை ஏசாத ஆள் பாக்கியில்லை.

கல்யாணம் முடிந்து ஒருநாள் மகன் வலிப்பு விஷயத்தைச் சொன்னபோது, அந்த அம்மா லதாவைப் பக்கத்தில் அழைத்தாராம். "அண்ணைக்கு அவரு எனக்க காதுல சொன்னது என்னண்ணு தெரியுமா? 'ஒங்க வீட்டுக் காகிதமும் ஒண்ணு போயிருக்கு. நாளைக்கு வந்து ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். இங்க வச்சு, கொன்னாலும் யாருக்க காகிதத்தையும் சொல்ல மாட்டேன்.' எல்லா வீட்டுலயும் ஒண்ணு உண்டு மக்கா." அவர்கள் வீட்டுக் காகிதம் என்னவென்று லதா கேட்கவில்லை.

மீதி வீடுகளுக்கும் என் ஆட்டோவில்தான் போனோம். சிலர் கண்டபடி ஏசினார்கள். பொழியூரில் ஒரு அக்கா மீன் கழுவிய தண்ணீரை மேலே ஊற்றினார். அண்ணன் துடைத்துக்கொண்டு, சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். கடைசி வீடும் முடிந்ததும் சென்டரை விற்றுவிட்டு, வெளியூரில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அதில் ஆச்சரியமும் இல்லை.

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும், "ஆதார் கார்டை இந்த நம்பருக்கு அனுப்புங்க" என்கிறார்கள். அனுப்பிவிட்டு ராத்திரி முழுக்கப் புரளுகிறேன். அது எங்கெல்லாம் போகிறதோ! இதுவரை ஒருவரும் வீடு தேடி வந்து சொன்னதில்லை. அண்ணனாக இருந்தால் வந்திருப்பார்.