அழுத்தம் குறைந்த ஆம்புலன்ஸ்

அரசு மருத்துவமனை மேட்டின் மேல் இருந்தது. நோயாளிகள் எல்லாரும் கீழே இருந்தார்கள். இந்த இரு தரப்பையும் சந்திக்க வைக்கும் மகத்தான பொறுப்பு ஒரே ஒரு ஆம்புலன்ஸிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்த ஆம்புலன்ஸ் ஒரு நாள் பாதி மேடு ஏறியதும் இருமியது, குலுங்கியது, பெருமூச்சு விட்டு நின்றது.

டிரைவர் ரோஷக்காரர். வண்டி நின்றால் தன் மானமே நடுரோட்டில் நின்றதாக நினைப்பவர். உள்ளே கால் உடைந்த ஒருவர் படுத்திருந்தார்.

"வந்துட்டோமாண்ணே?"

"பாதி வந்துட்டோம்" என்றார் டிரைவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

கொஞ்ச நேரம் இளைப்பாறிய வண்டி, முனகிக்கொண்டே எப்படியோ போய்ச் சேர்ந்தது. நோயாளியை இறக்கிய கையோடு டிரைவர் அதைப் பணிமனைக்குக் கொண்டுபோனார். அங்கே மெக்கானிக்காக இருந்தவர் ஒரு பெண்மணி. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதனால் அதிகாரிகள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. டீசல் குழாயைக் கழற்றி அழுத்தமானியை மாட்டினார். டிரைவரை உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார்.

"ஃபில்டருக்கு முன்னாடி அழுத்தம் சரியா இருக்கு. பம்ப் நல்லாத்தான் தள்ளுது. இப்ப ஃபில்டருக்குப் பின்னாடி மாட்டியிருக்கேன், பாருங்க. மிதிச்சா முள்ளு படுத்துக்குது. ஃபில்டர் அடைச்சுப் போச்சு. எஞ்சினுக்கு டீசலே போய்ச் சேரல."

"மாத்திடுங்கக்கா."

"மாத்தலாம். புதுசு வாங்க இயக்குநர் சரின்னு சொல்லணுமே. நீங்களே போய்ச் சொல்லுங்க. என்னைக் கண்டாலே அவர் ஒளிஞ்சுக்கிறார்."

மருத்துவமனை இயக்குநர் அப்போதுதான் ஒரு பயிற்சி முகாமிலிருந்து திரும்பியிருந்தார். 'அழுத்தமில்லா அலுவலகம்' என்பது அங்கே அவருக்குக் கிடைத்த ஞானம். வந்ததும் வராததுமாகச் சுவர்க் கடிகாரங்களை இறக்கிவிட்டார். நேரம் தெரிந்தால் அழுத்தம் வருமாம். அவசரச் சிகிச்சைப் பிரிவின் பெயரில் இருந்த 'அவசர' என்ற சொல் நீக்கப்பட்டது. அலுவலர்கள் நாற்காலியை விட்டுத் தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். கோப்பைத் தொட ஒருவருக்கும் கை ஒழியவில்லை.

"ஐயா, ஆம்புலன்ஸ்ல எரிபொருள் அழுத்தம் குறைஞ்சிருச்சு" என்றார் டிரைவர்.

இயக்குநர் பந்தைக் கீழே வைத்தார். "எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"பாதிக்கும் கீழ போயிருச்சுங்க."

இயக்குநரின் கண் கலங்கியது. "நானே இன்னும் அந்த நிலைக்கு வரலையேப்பா!"

"ஐயா, இது டீசல் அழுத்தம். இது குறைஞ்சா வண்டி மேட்டுல ஏறாது."

"ஏறணும், ஏறணும்னு ஏன் இந்த வெறி? வண்டிக்குத் தோணும்போது ஏறட்டும்."

"உள்ள நோயாளி இருப்பாருங்களே. அவசரம் இருக்குமே."

"போகப் போக அவருக்கும் அவசரம் குறையும்."

"அடியோடவே குறைஞ்சிடுங்கய்யா!"

"அதுதானே நம்ம இலக்கு" என்றார் இயக்குநர்.

மறுநாள் ஆம்புலன்ஸுக்குப் பாராட்டு விழா நடந்தது. 'முதல் அழுத்தமில்லா வாகனம்' என்று அதன் நெற்றியில் ஒட்டினார்கள். ஏனைய வாகனங்களும் இதைப் பின்பற்றுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்பட்டன. பிணவறை வண்டி மட்டும், தன் பயணிகள் ஏற்கெனவே இலக்கை எட்டிவிட்டதாகப் பணிவுடன் பதில் அனுப்பியது.

டிரைவர் கொதித்துப் போனார். கண்ணில் பட்டவரிடமெல்லாம் புலம்பினார். புலம்பிக்கொண்டிருந்த வாரத்திலேயே, பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தபோது, வண்டி பாதி மேட்டில் படுத்துவிட்டது. இந்தத் தடவை முனகக்கூட இல்லை.

"யாராவது வாங்கய்யா! தள்ளுங்கய்யா!" என்று டிரைவர் நடுரோட்டில் நின்று கத்தினார்.

முடி வெட்டிக்கொண்டிருந்தவர் பாதித் தலையோடு ஓடிவந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்தார்கள். அந்தப் பெண்ணின் கணவர் அழுதுகொண்டே தள்ளினார். மூச்சு முட்டத் தள்ளி வாசலைத் தொட்ட நேரத்தில் உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது மருத்துவமனையின் தவறல்ல.

தள்ளியவர்கள் அப்படியே இயக்குநர் அறைக்குள் புகுந்துவிட்டார்கள். கணவர்தான் முன்னால் நின்றார். "என் பொண்டாட்டி நடுரோட்டுல செத்திருப்பா! வண்டியா வச்சிருக்கீங்க, வண்டி?"

இயக்குநர் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். "உங்க குறை புரியுது. தள்ளுறதுக்கு முறையா ஆள் நியமிக்கல. அதுதானே? இன்னிக்கே 'தள்ளுநர்'னு புதுப் பதவி உண்டாக்குறேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"நிரந்தர வேலைங்களா?"

"நிரந்தரம்."

"ஓய்வூதியம் உண்டுங்களா?" என்று கேட்டது கணவர்.

கோபம் போன இடம் தெரியவில்லை. நேர்காணலுக்கு மேட்டின் அடிவரை வரிசை நின்றது. "வண்டியை எந்தப் பக்கமிருந்து தள்ளுவீர்கள்?" என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னவர்கள் தள்ளுநர்கள் ஆனார்கள். தவறாகச் சொன்னவர்கள் சிபாரிசோடு வந்து ஆனார்கள்.

டிரைவர் வீட்டில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. "ஊரே வேலைக்குப் போகுது. என் தம்பி மட்டும் சும்மா உக்காந்திருக்கான். உங்க ரோஷத்தை வச்சு அவனுக்குப் பொண்ணு பார்க்க முடியுமா?" என்றார் மனைவி.

டிரைவர் ராத்திரி பூராவும் புரண்டு புரண்டு படுத்தார். காலையில் இயக்குநர் எதிரே மெத்தையில் உட்கார்ந்து, பந்தைப் பிசைந்தபடி, "நீங்க சொன்னதுல ஏதோ இருக்குங்கய்யா" என்றார். மச்சான் முதுநிலைத் தள்ளுநர் ஆனான். முதுநிலை என்பதால் அவன் தள்ளுவதில்லை. பக்கத்தில் நடந்துகொண்டே "தள்ளு, தள்ளு" என்பான்.

இந்தக் கூத்தைப் பார்க்கச் சகிக்காத மெக்கானிக், யாரையும் கேட்காமல் தானே ஒரு ஃபில்டரை வாங்கி மாட்டிவிட்டார். அழுத்தமானியின் முள் நிமிர்ந்து நின்றது. அடுத்த நோயாளியோடு வண்டி மேட்டில் பறந்தது. தள்ளுநர்கள் "ஐயோ, நில்லு, நில்லு!" என்று பின்னாலேயே ஓடினார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் மொத்தமும் சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கொரு தள்ளுநர் ஆயிற்றே! 'ஓடும் வண்டியை நிறுத்து' என்ற கோஷம் வானைப் பிளந்தது. வண்டியில் பிள்ளை பெற்றவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்வரிசையில் கத்தினாள்.

டிரைவர் பணிமனைக்கு வந்து, மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அக்கா... அந்தப் பழைய ஃபில்டரை எங்க போட்டீங்க?"

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெக்கமா இல்ல?"

"இருக்குக்கா."

"பின்னாடி குப்பையில கிடக்கு. போய்ப் பொறுக்கிக்கோங்க."

டிரைவர் குனிந்து குப்பையைக் கிளறினார். கொஞ்ச நேரம் கழித்து முதுகுக்குப் பின்னால் மெக்கானிக் தொண்டையைச் செருமினார்.

"எங்க அக்கா பையன் ஒருத்தன் இருக்கான். நல்லா வாட்டசாட்டமா இருப்பான். உங்க மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்களேன்."