மாடு இழுத்த ஆஸ்டினுக்கு வரி உண்டா?

786

திண்டுக்கல்
28-3-1961

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் நூர் அகமது அவர்களுக்கு, தங்கள் தங்கை காதர் பீவியின் கணவன் கிதர் முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும், தங்கள் தங்கையும், தலைப்பிரசவத்துக்கு வீடு வந்து சேர்ந்திருக்கும் மகள் தாஹிராவும், தாங்கள் மெட்ராஸுக்குக் குடிபோனபோது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன ஆஸ்டின் காரும் ஆண்டவன் கிருபையால் சுகம். தங்கள் சுகத்துக்கும், அங்கே ஆட்டுத்தோல் விலைக்கும் பதில் எழுதவும்.

கார் வரி கட்டி உங்களுக்குக் கட்டுபடியாகாது, கரூரில் ஒருவர் காரைக் கேட்கிறார், ஒண்ணாம் தேதி அவரை அனுப்பிவைக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அவரை அனுப்ப வேண்டாம். என் பேரப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு இந்தக் காரில்தான் வரவேண்டும், அது என் ஆசை. வரி ஒரு பிரச்சினையே இல்லை. அதை அடக்கும் வித்தை எனக்குப் பிடிபட்டுவிட்டது.

மூன்று மாதத்துக்கு முப்பத்தாறு ரூபாய், வருஷத்துக்கு நூற்று நாற்பத்து நான்கு. முதலில் பட்ஜெட் போட்டேன். மண்டிக்குத் தோல் கொண்டுவருகிறவர்களுக்குக் கொடுக்கும் டீயை நிறுத்திப் பானைத் தண்ணீர் கொடுத்தேன். அவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு, தோலைப் பக்கத்து மண்டியில் போட்டார்கள். அடுத்ததாக, காரின் எடையைப் பார்த்துத்தான் வரி போடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். விடுவேனா? பின்சீட்டு, ஸ்டெப்னி, முன்னும் பின்னுமுள்ள பம்பர் எல்லாவற்றையும் கழற்றி, மண்டித் தராசில் நிறுத்து, குறைந்த எடையைக் காகிதத்தில் எழுதி மோட்டார் வரி ஆபீசுக்கு எடுத்துப்போனேன். அங்கே இருந்த குமாஸ்தா, “புஸ்தகத்துல இருக்கிற எடைதான்யா எடை. சீட்டைக் கழட்டுனா நீங்கதான் தரையில உக்காரணும்” என்றார். எல்லாவற்றையும் மறுபடி மாட்டினேன். நான்கு போல்ட்டு மிச்சம் இருக்கிறது, கார் அது இல்லாமலே நன்றாக ஓடுகிறது.

அந்தக் குமாஸ்தாவே பேச்சோடு பேச்சாக ஒரு நல்ல வழி சொன்னார். காரை ரோட்டில் ஓட்டுவதில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த மூன்று மாதத்துக்கு வரி கிடையாதாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை எனக்குக் கார் எதற்கு? ஒரு மாதம் நோன்பிலேயே போய்விடும். தாஹிராவுக்கு ஏழு மாதம் நிறைந்ததும் எரியோட்டில் மாமியார் வீட்டிலிருந்து அழைத்து வரவேண்டும், அது ஏப்ரல் ஒண்ணாம் தேதி. அன்றைக்கு வரியைக் கட்டி அன்றைக்கே காரை எடுத்தால் முப்பத்தாறு ரூபாய் சுளையாக மிச்சம். டிசம்பர் கடைசியில் மனு எழுதி, நம் மண்டிக் கணக்கர் முகமது பாரூக்கிடம் கொடுத்து ஆபீசில் சேர்க்கச் சொன்னேன். காருக்குச் சாக்குப் போட்டு மூடினேன்.

கணக்கு எங்கே இடித்தது என்றால், நான் இங்கிலீஷ் மாதத்தை எண்ணினேன், தங்கள் தங்கை பிறையை எண்ணியிருக்கிறாள். பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் சாவகாசமாக வந்து, “தாஹிரா அத்தா, வார ஞாயித்துக்கிழமை பிள்ளைய அழைக்கப் போகணும்” என்கிறாள். ஞாயிறு என்றால் மார்ச் இருபத்தாறு. ஆறே நாள் வித்தியாசம். “சர்க்கார் பிறை பாக்காது” என்று விளக்கினேன். “வயித்துப்பிள்ளை சர்க்காரப் பாக்காது” என்றுவிட்டாள். ஆறு நாளுக்காக மூன்று மாத வரியைக் கட்ட நான் என்ன கேனையனா? வாடகை வண்டியில் போகலாம் என்றால், காரில்தான் அழைப்பேன் என்று நிக்காஹ் அன்றைக்கே சம்பந்தி வீட்டில் ஊரறியச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் யோசனை வந்தது மச்சான். ஓட்டக்கூடாது என்றுதானே சட்டம், இழுக்கக்கூடாது என்று எங்கே இருக்கிறது? எரியோட்டுப் பக்கமிருந்து சந்தைக்குத் தக்காளி கொண்டுவரும் வேலுசாமியைப் பிடித்தேன். சனிக்கிழமையே மாட்டோடு வந்துவிட்டார். காரின் முன்னால் நுகத்தடியைக் கட்டி, இரண்டு காளைகளைப் பூட்டி, வேலுசாமியை பானட்மேல் உட்காரவைத்து, ஸ்டியரிங்கை நான் பிடித்துக்கொண்டேன். பின்சீட்டில் தங்கள் தங்கை. விடியற்காலையில் கிளம்பி, பன்னிரண்டு மைலையும் கடந்து பொழுது ஏறுவதற்குள் எரியோடு போய்விட்டோம். பெட்ரோல் செலவு அறவே இல்லை, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும்தான். இறக்கம் வருகிற இடத்தில் கார் மாட்டை முட்டப் போகும், நான் பிரேக் பிடிப்பேன், மாடு திரும்பி என்னைப் பார்க்கும். ஒரே ஒரு தரம் பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்துவிட்டேன். காளைகள் கடலைக்காட்டுக்குள் இறங்கிவிட்டன. காட்டுக்காரர் நல்ல மனுஷர், இரண்டு ரூபாயோடு விட்டுவிட்டார்.

சம்பந்தி வாசலுக்கு வந்து மாட்டையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “கார் ரிப்பேருங்களா?” என்றார். “இல்லைங்க, சிக்கனம்” என்றேன். மரியாதையாகத்தான் விருந்து வைத்தார்கள்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை முன்னால் காளைகள் தாமாக நின்றுவிட்டன. வேலுசாமி தினமும் அங்கே டீ குடிப்பாராம், அவர் குடித்து முடிக்காமல் அவை நகராதாம். அந்தக் கடை பெஞ்சில், ரோட்டில் வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“ஏங்க, வரிச் சீட்டு எங்க?”

“ஓட்டுறதில்லைன்னு எழுதிக் குடுத்துருக்கேன்.”

“அப்ப இது ரோட்டுல என்ன செய்யுது?”

“போகுதுங்க. ஆனா நான் ஓட்டல. வேணும்னா இஞ்சினைத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கும்.”

அவர் உண்மையாகவே தொட்டுப் பார்த்தார். “என் சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸைப் பாத்ததில்ல. நாளைக்கு ஆபீசுல ரிஜிஸ்தரைப் பாத்துட்டு வாரேன்” என்று நம்பரைக் குறித்துக்கொண்டார். வரட்டும். கோர்ட்டுக்கே போனாலும் மாடு இழுப்பதற்கு மோட்டார் வரி போட முடியாது. வருஷத்தில் இரண்டு தவணையை இப்படித் தட்டிவிட்டால் எழுபத்திரண்டு ரூபாய் கையில் நிற்கும். ஆகவே கரூர்க்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடவும். கார் என்னிடமே இருக்கட்டும், அதை வைத்து ஆளும் சாமர்த்தியம் எனக்கு உண்டு.

மச்சிக்கு என் சலாம். பிள்ளைகளுக்குத் துஆ. தாஹிராவுக்குச் சுகப்பிரசவம் ஆக ஐந்து வேளையும் கேட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
கிதர் முகம்மது

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். சட்டம் பேசத் தயாராக நின்றேன். அவர், “வருஷம் முழுசுக்கும் ஜனவரியிலயே வரி கட்டிருக்கு. அப்புறம் எதுக்கு மாட்டைக் கட்டுனீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். பாரூக்கைக் கூப்பிட்டேன். அவன் அடுக்களைப் பக்கம் பார்த்தான். தங்கள் தங்கை தலையணை உறைக்குள்ளிருந்து வரிச் சீட்டை எடுத்துவந்து வைத்தாள். பாரூக் என் மனுவை அவளிடம் கொடுத்துவிட்டான், அது ஆபீசுக்கே போகவில்லை. வேலுசாமியிடம் பங்குக்கு வளர்க்க வாரத்துக்கு விட்டிருந்த இரண்டு கிடாயை விற்றுக் கட்டினாளாம். அந்தக் கிடாய்த் தோலை நானே பேரம் பேசி வாங்கியிருக்கிறேன்.

“வரி கட்டிருந்தா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பன்னெண்டு மைலு மாட்டுக்குப் பின்னால வந்தியே” என்று கேட்டேன்.

“டிரைவர் வச்சு அழைக்கத்தான் கட்டுனேன். நீங்க மாடு பூட்டுறேன்னீங்க. நீங்க ஓட்டுறதுக்கு அது எம்புட்டோ தேவலன்னு சும்மா இருந்துட்டேன்” என்றாள்.

மகளாவது எனக்குப் பரிந்து பேசுவாள் என்று தாஹிராவைப் பார்த்தேன்.

“வழியெல்லாம் நல்லாத் தூங்கிட்டு வந்தேன் அத்தா. நீங்க ஓட்டி நான் ஒருநாளும் கண்ண மூடினதில்ல” என்றது பிள்ளை.

மேலே எழுதியதில், கரூர்க்காரர் வேண்டாம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடவும். அங்கே நிதானமான டிரைவர் யாராவது இருந்தால் உடனே அனுப்பிவைக்கவும். மாதம் அறுபது கேட்டாலும் சரி, கொடுக்கிறேன்.