மருந்தடிக்காத வரிசை

போடிநாயக்கனூர்,
ஐப்பசி 29, சனிக்கிழமை காலை.

என் அன்புத் தங்கை சுகன்யாவுக்கு, அண்ணன் கன்னையன் கட்டிலில் சாய்ந்தபடி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி பாண்டீஸ்வரியும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அவள் சுகம், என்னைப் பற்றிப் போகப் போகத் தெரிந்துகொள்வாய். திருப்பூரில் நீயும், மாப்பிள்ளை முத்துக்கண்ணனும், என் மருமகன் இனியவனும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க நம் குலசாமியை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். ஊசி சம்பந்தமாக எனக்கு வந்த பதினேழு ஆடியோவை உனக்கு நான் அனுப்பி வைத்ததும், பதினெட்டாவது வருவதற்குள் நீ என் நம்பரை பிளாக் பண்ணியதும் உனக்கு மறந்திருக்காது. தபால்காரரை பிளாக் பண்ண முடியாது பார், அதனால்தான் இந்தக் கடிதம்.

கார்த்திகை பதினைந்தில் நம் கோயிலில் வைத்து இனியவனுக்கு மொட்டையும் காதுகுத்தும் என்று நாள் குறித்தீர்கள். மூத்த தாய்மாமன் நான். பிள்ளை என் மடியில் உட்காருவதில் பேச்சே இல்லை என்று நானும் பட்டு வேட்டியை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். அப்புறம் நீ போன் பண்ணி என்ன சொன்னாய்? "அண்ணே, பிள்ளை எட்டு மாசத்துல பொறந்தவன். அவனைத் தூக்குறவுக எல்லாரும் சளிக்காய்ச்சலுக்கு ஊசி போட்டிருக்கணும், போட்டு ரெண்டு வாரமாச்சும் ஆயிருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவனுக்கே ரெண்டு ஊசி போட்டாச்சு, அழுதுட்டு உடனே சிரிச்சுட்டான். நீ போட்டுட்டு வந்தா ஒன் மடி. இல்லாட்டிச் சின்னண்ணன் மடி. அம்புட்டுத்தேன்." சின்னண்ணன் மடியாம்! சிலமலையில் நம் அழகுராஜா உட்கார்ந்து நீ சமீபத்தில் பார்த்ததில்லை போல. வயிறு போக மடி என்று ஒரு சாண் மிஞ்சினால் பெரிது. அதில் பிள்ளையை எங்கே வைப்பாய், எலுமிச்சம்பழம் வைக்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன் ஆத்தா, நான் ஊசிக்குப் பயந்தவன் இல்லை. இருபத்திரண்டு வருடமாக மெட்டுக்கு மேலே, மலையில் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன், அட்டை கடித்ததை எண்ணினால் ஆயிரம் வரும், ஒரு நாள் ஐயோ என்றதில்லை. எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் பக்க விளைவு பற்றித்தான். அதுவும் வருடா வருடம் போட வேண்டுமாம். அதென்ன வருடா வருடம், காப்புக் கட்டா? இதைக் கேட்கத்தான் நம் தெரு முக்கில் இருக்கும் கிளினிக்குக்கு ஒரு நாள் போனேன். அங்கே நர்சு ரேணுகா என்று ஒரு பெண், தேவாரம் ஊர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம். "அண்ணே, நீங்க ஏலச்செடிக்குப் போன வருசம் அடிச்ச மருந்தையே இந்த வருசமும் அடிச்சா இலைப்பேன் சாகுமா?" என்று கேட்டது. சாகாதுதான், பேன் ஆளே மாறி வந்துவிடும். "அதே மாதிரிதேன் இந்தக் கிருமியும். வருசத்துக்கு ஒரு வேசம். ஊசியும் மாத்தி மாத்தி வருது" என்றது. சரி என்று பேச்சை மாற்றி, பக்க விளைவு என்ன என்று கேட்டேன். கை ஒன்றிரண்டு நாள் வலிக்கும், சிலருக்கு லேசாகக் காய்ச்சல், உடம்பு வலி வரும், தானாகப் போய்விடும் என்றது. 'சிலருக்கு' என்று சொன்னது பார், அங்கேதான் எனக்கு இடித்தது. அந்தச் சிலர் யார் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

மறுநாள் ஜீப்பில் மலை ஏறும்போது, எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கிற அமாவாசையிடம் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவே இல்லை, ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, புது மருந்து வந்தா நாம என்ன செய்வோம்? ஒரு வரிசைக்கு மட்டும் அடிப்போம். பக்கத்து வரிசைய அடிக்காம விட்ருவோம். ஏழு நாள் பாப்போம். கருகலேன்னாத்தான மத்ததுக்கு அடிக்கிறது?" எனக்குப் பொறி தட்டியது. ஏழு நாளில் ஒரு தோட்டத்துக்கே தீர்ப்புச் சொல்கிற நாம், ஒரு உடம்புக்குச் சொல்ல மாட்டோமா? அன்று சாயங்காலமே அழகுராஜாவைச் சிலமலையிலிருந்து வரவழைத்தேன். அவன் என் ரத்தம், என் சாப்பாடு, என் வளர்த்தி. எனக்கு என்ன ஆகுமோ அதுதானே அவனுக்கும் ஆகும். "தம்பி, ஊசி போட்டுக்கிட்டு ஏழு நாள் நம்ம வீட்லயே இரு, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "சாப்பாடு அண்ணி கையாலதான?"

ஆக அழகுராஜா மருந்தடித்த வரிசை, நான் மருந்தடிக்காத வரிசை. ஒரு நோட்டுப் போட்டு இருவருக்கும் காலையும் மாலையும் எழுதினேன். முதல் நாள் அவன் கை வலிக்கிறது என்றான், எழுதிக்கொண்டேன். இரண்டாம் நாள் உடம்பு அசதி, நாட்டுக்கோழி ரசம் குடித்தால் தேவலை என்றான். மூன்றாம் நாள் நாக்கு மரத்துப்போய்விட்டது, அயிரை மீன் குழம்பு பட்டால் உணர்வு வரலாம் என்றான். நான்காம் நாள் எலும்புக்குள் ஏதோ ஓடுகிறது என்று ஆட்டுக்கால் கேட்டான். ஒரு சிறு ஊசி, மனிதனை ஆட்டுக்கால் வரை கொண்டுபோய் விடுகிறதே! உனக்கு அந்தப் பதினேழு ஆடியோவும் வந்தது அந்த நாலு நாளில்தான். ஐந்தாம் நாள் காலை இட்லி வைக்கும்போது பாண்டீஸ்வரி அவனைக் கேட்டாள்: "கொழுந்தனாரே, ஊசி போட்டது எந்தக் கையில?" "இடது கைல, அண்ணி." "அப்ப ஏன் நாலு நாளா வலது கையப் பிடிச்சுக்கிட்டு அலையிறீக?" அழகுராஜா இட்லியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கைக்குக் கை மாறும் அண்ணி என்றான். கேட்டால், முதல் நாள் மட்டும் தொட்டால் கொஞ்சம் வலித்ததாம், அவ்வளவுதானாம். பாண்டீஸ்வரி நோட்டை எடுத்து எனக்கே வாசித்துக் காட்டினாள். "அடிச்ச வரிசை பதினோரு இட்லி திங்குது. அடிக்காத வரிசை அஞ்சு நாளா மூக்கைச் சிந்திக்கிட்டுக் கெடக்கு. இன்னும் என்னத்தப் பாக்கணும்? போயி வெரசா போட்டுட்டு வாங்க." மலையில் ஐப்பசிக் குளிர், யாருக்குத்தான் மூக்கு ஒழுகாது? இருந்தாலும் எழுதினது என் கையெழுத்து, மறுக்க முடியவில்லை.

அதற்கப்புறம் நான் தள்ளிப்போட்டதாக அவள் உனக்குச் சொல்லியிருப்பாள், நம்பாதே. முதலில் மூக்கு ஒழுகுவது நிற்க வேண்டாமா? நின்றதும் தோட்டத்தில் காய் எடுப்பு, நான் இல்லாவிட்டால் பழுத்தது எது பிஞ்சு எது என்று பார்க்க ஆள் கிடையாது. அப்புறம் அஷ்டமி. அப்புறம் செவ்வாய்க்கிழமை. போன புதன்கிழமை எந்தக் குறையும் இல்லாமல் விடிந்துவிட்டது, கிளம்பிவிட்டேன். பாண்டீஸ்வரியும் கூட வந்தாள், வழியில் நான் வேறு பக்கம் திரும்பிவிடாமல் இருக்க. ரேணுகா காய்ச்சல் இருக்கிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்காதா என்று எல்லாம் கேட்டது, சட்டைக் கையை மடக்கச் சொன்னது, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தது, ஜில்லென்று ஒரு வாசம் வந்தது. ஊசி ஏறியதே எனக்குத் தெரியவில்லை ஆத்தா, அப்படி ஒரு லேசான கை அந்தப் பெண்ணுக்கு. கண் திறந்து பார்த்தால் நான் பெஞ்சில் படுத்திருக்கிறேன், முகமெல்லாம் தண்ணீர். வீரியமான மருந்து போல, உடனே வேலை செய்துவிட்டது. ஆட்டோ வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

அன்றிலிருந்து நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். கை நனைந்த சாக்கு மாதிரி கனக்கிறது, அதுவும் எந்தக் கை என்று சொல்ல முடியாதபடி இரண்டும் கனக்கிறது. உடம்பு அனலாகக் கொதிக்கிறது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது, அது உன் அண்ணியின் பிறந்த வீட்டுத் தெர்மாமீட்டர், வேறெப்படி இருக்கும். எழுந்தால் தலை சுற்றுகிறது, படுத்தால் வீடு சுற்றுகிறது. ஆனால் ஒரு புள்ளிகூடத் தோலில் அடையாளம் இல்லை, உள்ளுக்குள்ளேயே நடக்கிற வேலை. நேற்று, "எனக்கு ஒண்ணு ஆனா இனியவனுக்கு என் வாட்ச்சைக் கொடுத்துரு" என்று பாண்டீஸ்வரியிடம் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள், தோள் இரண்டும் குலுங்கியது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் எனக்காக அவள் அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

இத்தனையையும் ஏன் தாங்கிக்கொண்டேன் தெரியுமா? மாசி மாதம் பிள்ளைக்குப் பெயர் வைக்க நான் வந்தேனே, அன்று எனக்குத் தொண்டை கரகரவென்று இருந்தது. சொன்னால் நீ உள்ளே விட மாட்டாய் என்று திருப்பூர் வரும்வரை பஸ்சில் ஏலக்காயை மென்றுகொண்டே வந்து இருமலை அமுக்கி வைத்தேன். தொட்டிலுக்குள் தலையை விட்டு, "மாப்ளே, மாமன் வந்திருக்கேன்டா" என்றேன். தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்ப வேண்டாம் என்று தூக்காமலே வந்துவிட்டேன். நாலாம் நாள் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று மாப்பிள்ளை போன் பண்ணினார். ஐந்து நாள் மூச்சுத் திணறிக் கிடந்தானாம். என்னால்தான் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி அதோடு முடிந்திருக்கும். ஒரு வயது ஆகப்போகிறது, என் மருமகனை நான் இன்னும் கையில் வாங்கவில்லை. அந்த மடியை எனக்கே வை ஆத்தா. உன் பேச்சைக் கேட்டு ஊசி போட்டுவிட்டேன், இனி அழகுராஜாவுக்கு அங்கே வேலை இல்லை, அவன் பந்தியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். இத்துடன் எட்டு எம்எம் ஏலக்காய் அரைக் கிலோ வைத்திருக்கிறேன், பாயசத்துக்கு ஆகும். நீங்கள் மூவரும் நோய் நொடி அண்டாமல், எங்கள் மலையில் மழை பிந்தாமல், நினைத்தது நினைத்தபடி நடந்து நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஊசி போட்டுக்கொண்ட உன் மூத்த அண்ணன்,
கன்னையன்.

பின்குறிப்பு, அதே சனிக்கிழமை சாயங்காலம்: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் ரேணுகா போன் பண்ணியது. "அண்ணே, ஒங்க ஊசி ஃப்ரிட்ஜுலயேதேன் இருக்கு, எப்ப வர்றீக?" என்றது. நான் ஸ்பிரிட் பஞ்சுக்கே சாய்ந்துவிட்டேனாம். பாண்டீஸ்வரியைக் கேட்டால், "ஊசி போடலைன்னு அன்னைக்கே சொன்னேன், ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டீக. சரி, ரெண்டு வாரக் கணக்குக்கு இன்னும் நாள் இருக்குன்னு விட்டுட்டேன்" என்கிறாள். நேற்று அவள் அழவில்லையாம். எனவே மேலே நான் எழுதியிருக்கும் பக்க விளைவுகளையெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும், மாசி மாத விஷயத்தை மட்டும் அடிக்க வேண்டாம். இப்போதே போய்ப் போட்டுக்கொண்டுவிட்டேன், இந்தத் தடவை நிஜமாக. கிளினிக் பெஞ்சில் இருந்துதான் எழுதுகிறேன். இன்னும் பதினாறு நாள் இருக்கிறது, உன் டாக்டர் கணக்குக்குச் சரியாக வரும். இடது கை, எறும்பு கடித்த அளவு வலி, வேறொன்றும் இல்லை. யாராவது பின்னால் பிடித்துக்கொண்டால்தான் போடுவேன் என்று ரேணுகா சொல்லிவிட்டதால் அழகுராஜாவை வரச் சொன்னேன். "சாஞ்சுக்கண்ணே, நான் இருக்கேன்" என்று பின்னால் உட்கார்ந்தான், அந்த வயிறு தலையணை மாதிரி நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. காதுகுத்திலும் ஆசாரி ஊசியை எடுப்பார். அதுவும் இரண்டு காது. ஆகையால் ஆத்தா, மணையில் முதலில் அழகுராஜா உட்காரட்டும். அவன் மடியில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். என் மடியில் இனியவனைக் கொடு.