முகவமுதமும் சீலாக் கருவாடும்

துறைமுகத்துக்கு அடியில் ஒரு நன்னீர் ஊற்று இருக்கிறதாம். கப்பல்கள் நங்கூரம் போடும் அந்த ஆழத்தில், உப்போடு கலக்காமல், எண்ணெயோடும் கலக்காமல், ஆயிரம் ஆண்டுகளாகத் தனியே ஊறிக்கொண்டிருக்கிறதாம். கடற்படைக்கு இது தெரியாது. மீனவருக்குத் தெரியாது. சுழியோடிகளுக்குத் தெரியாது. நீந்தவே தெரியாத கஜீபனுக்குக் கனவில் தெரிந்தது.

திருகோணமலை நம்பிவிட்டது.

அந்த ஊற்று நீர்தான் நீலப் போத்தலில் 'முகவமுதம்' என்ற பெயரில் வந்தது. மேலே உள்ள மூடியை அமுக்கினால் பனிபோல முகத்தில் விசிறும். வறட்சி போகும், சுருக்கம் போகும், கருமை போகும், கண்ணூறும் போகும். கடைசியில் சொன்னதுதான் வியாபாரத்தின் உயிர். கஜீபனின் ஆராய்ச்சிப்படி முகம் வறள்வதற்கு வெயிலோ உப்புக் காற்றோ காரணமில்லை. பொறாமைக்காரரின் பார்வை முகத்திலிருக்கும் நீரை உறிஞ்சிவிடுகிறது. வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதத்தில், கடற்கரை ஊரில், தோல் ஏன் காய்கிறது என்று இத்தனை காலம் தெரியாமலிருந்த சனத்துக்கு இது பெரிய விளக்கமாக இருந்தது.

கஜீபன் முன்பு கொழும்பில் கைத்தொலைபேசிகளுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவர். இப்போது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை, பெயருக்கு முன்னால் 'நீரறிஞர்'.

சனிக்கிழமைகளில் துறைமுகப் பக்கத்திலுள்ள ஒரு கலியாண மண்டபத்தில் தரிசனம். திரியாயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார்கள். ஈச்சிலம்பற்றிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். மூதூரும் கிண்ணியாவும் குடும்பத்தோடு வந்தன. லிங்கநகர்க்காரர் நடந்தே வந்து முன்வரிசைக் கதிரைகளைப் பிடித்தார்கள். இத்தனை ஊர்ச் சனத்தை ஒன்றாக உட்கார வைக்க எத்தனையோ நல்லிணக்கக் குழுக்கள் தேநீரும் வடையும் கொடுத்துப் பார்த்துத் தோற்றிருக்கின்றன. கஜீபன் ஒரு போத்தலால் சாதித்தார்.

முறை இதுதான். ஒருவரை மேடைக்கு அழைப்பார். பேனை அளவிலான ஒரு கருவியைக் கன்னத்தில் வைப்பார். கருவியின் எண் பெரிய திரையில் விழும். மேடைக்கு முதுகைக் காட்டி, திரையை மட்டும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் சோபனா என்ற பெண் அதை ஒலிவாங்கியில் வாசிப்பாள். "முப்பத்தைந்து. வறண்ட சருமம்." சனம் உச்சுக் கொட்டும். கஜீபன் முகவமுதத்தை விசிறுவார். கருவியை மறுபடி வைப்பார். "தொண்ணூற்றிரண்டு. வாழ்த்துகள். உங்கள் சருமத்துக்கு இப்போது பதினாறு வயது." சனம் கை தட்டும். பதினாறு வயதானவரை உடனே பின்வாசலால் அனுப்பிவிடுவார்கள். வெளிக்காற்றுப் பட்டால்தான் அமுதம் வேலை செய்யுமாம். மேடையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் நின்றதில்லை.

இந்த அமுதம் கிண்ணியாவில் ஒரு வீட்டை இரண்டாகப் பிளந்தது.

ஸல்ஹா அங்கே பாலர் பாடசாலை ஆசிரியை. இரண்டு கன்னங்களிலும் அவளுக்குச் சிறு வயதிலிருந்து எக்ஸிமா. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் களிம்பை ஒழுங்காகப் பூசினால் அடங்கிக் கிடக்கும், விட்டால் கிளம்பும். அவள் கஜீபனிடம் போனாள். அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு இரண்டு விஷயங்கள் சொன்னார். களிம்பைத் தூக்கி எறிய வேண்டும், அது நீரின் வழியை அடைக்கிறது. இந்தக் கண்ணூறு வீட்டுக்குள்ளேயே இருந்து வருகிறது. வயதில் இளையவள், முகம் தெளிவானவள்.

அந்த வீட்டில் வயதில் இளையவளாக, முகம் தெளிவானவளாக இருந்தது ஒருத்திதான். ஸல்ஹாவின் தங்கை ரிஸ்லா. நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் மருந்து கொடுப்பவள்.

பத்தே நாளில் ஸல்ஹாவின் கன்னம் வெடித்து நீர் வடிந்தது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பாடசாலைக்குப் போவதை நிறுத்தினாள். ஆனால் போத்தலைச் சந்தேகிக்கவில்லை, தங்கையைச் சந்தேகித்தாள். ரிஸ்லா களிம்போடு போய்க் கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"என்ட முகத்தப் பாக்காத ரிஸ்லா. பாத்தது போதும். போ."

ரிஸ்லா கதவடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழும்பி, குசினிக்குப் பின்னால் குப்பை வாளியில் கிடந்த வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

போத்தலின் முன்பக்கம் கஜீபன் சிரித்துக்கொண்டிருந்தார். பின்பக்கமும் கஜீபன்தான் சிரித்தார். ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று எழுதவேண்டிய இடத்தில் ஒருவர் எதற்குச் சிரிக்கிறார் என்று ரிஸ்லாவுக்கு யோசனை வந்தது. சுடுதண்ணீரில் போத்தலை ஊறப் போட்டாள். நீரறிஞர் நீரில் கரைந்து கழன்று வந்தார். அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. மொத்த வியாபாரத்தில் வாங்கிய மலிவுச் சரக்கு. அதில் ஐந்தே பொருள்கள்: நீர், மதுசாரம், வாசனை, மெந்தோல், நீல நிறம்.

ரிஸ்லா அதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போய் ஒரு சீலாக் கருவாடு வாங்கினாள். மண்டபத்துக்கு வந்து வாசல் குழாயில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்தாள். பெண்கள் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு ஸல்ஹா உட்கார்ந்திருந்ததைக் கண்டாள். அக்கா இன்னொரு போத்தல் வாங்க வந்திருந்தாள்.

கஜீபனுக்கு ஒரு பெருமை உண்டு. சந்தேகம் உள்ளவர்கள் மேடைக்கு வந்து கருவியைத் தாங்களே பிடித்துப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். யாரும் வந்ததில்லை. அன்று ரிஸ்லா வந்தாள். கஜீபன் புன்னகையோடு கருவியைக் கொடுத்தார்.

அவள் பையிலிருந்து கருவாட்டை எடுத்து மேசையில் வைத்தாள். குழாய்த் தண்ணீரை ஒரு கை அள்ளித் தெளித்தாள். கருவியை அதன் வயிற்றில் வைத்தாள். சோபனா வழக்கம்போலத் திரையைப் பார்த்தாள்.

"தொண்ணூற்று மூன்று. வாழ்த்துகள். உங்கள் சருமத்துக்கு இப்போது பதினாறு வயது."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. சோபனா ஏன் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். கருவாட்டைக் கண்டதும் ஒலிவாங்கியை மெல்ல அணைத்தாள்.

கருவி பொய் சொல்லவில்லை, ஈரமானதைத் தொட்டால் ஈரம் என்று சொல்லும், அவ்வளவுதான் என்றாள் ரிஸ்லா. ஆனால் கஜீபன் சளைக்கவில்லை. கருவாடு கடலில் பிறந்தது, ஊற்றின் நினைவு அதன் உடம்பில் இருக்கிறது, அதனால்தான் எண் ஏறியது என்று விளக்கினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

அப்போது தவராசா எழுந்தார். லிங்கநகரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். முகவமுதத்தின் முதல் பக்தர். போகாத சனிக்கிழமை இல்லை. இந்தப் பிள்ளை கருவாட்டை வைத்து நீரறிஞரை அவமானப்படுத்துகிறது, வேண்டுமானால் மனிதத் தோலில் பார்க்கட்டும், என்னுடைய கை இருக்கிறது என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேடையேறினார்.

ரிஸ்லா எதிர்பார்த்ததைவிட நல்ல கை. இரண்டு கையும் அளந்தார்கள். இரண்டும் முப்பத்தெட்டு. இடது கையில் முகவமுதத்தைக் கஜீபனே விசிறினார். தொண்ணூற்றிரண்டு. சனம் கை தட்டியது. தவராசா பெருமையாகப் பின்வாசலை நோக்கித் திரும்பினார்.

"ஐயா, போக வேணாம்," என்றாள் ரிஸ்லா. "இருவது நிமிசம் இதிலயே இரிங்க."

கஜீபன் நேரமாகிறது என்றார், காற்றுப் பட வேண்டும் என்றார். மண்டபத்தில் எட்டு மின்விசிறி சுற்றுகிறது, காற்றுக்கு என்ன குறை என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார். தவராசா கதிரையில் உட்கார்ந்தார்.

அந்த இருபது நிமிடத்தில் ரிஸ்லா தாளை வாசித்தாள். இப்படியான சீட்டில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள் என்றாள். முதலில் நீர். அது விசிறிய கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். கிளிசரின் போல ஒன்று இருந்தால் ஈரத்தைத் தோலில் பிடித்து வைக்கும். அது இதில் இல்லை. மேலால் மூடிவைக்க எண்ணெய்த்தன்மையான ஒன்றும் இல்லை. மெந்தோல் குளிர்ச்சி காட்டும், குளிர்ந்தால் நாங்கள் ஈரமென்று நினைத்துக்கொள்வோம். இரண்டாவதாக இருப்பது மதுசாரம், அதாவது அல்ககோல்.

மதுசாரம் என்றதும் மண்டபத்தில் சலசலப்பு. கிண்ணியாப் பக்கம் இரண்டு பேர் கோபத்தோடு எழுந்தார்கள். அந்தக் கோபத்தைக் கொண்டே கஜீபனை அன்றைக்கு முடித்திருக்கலாம். ரிஸ்லா அதைத் தொடவில்லை.

"மார்க்கத்தில கூடுமா கூடாதா எண்டு சொல்ல நான் ஆலிம் இல்ல. அது காயிற நேரம் தோல்ட ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். புண் இரிக்கிற முகத்த எரிக்கும். என்ட கதை அவ்வளவுதான்."

பெண்கள் பக்கம் ஒரு முகத்திரை அசைந்தது.

இருபது நிமிடம் முடிந்தது. வலது கை, எதுவும் பூசாத கை, முப்பத்தெட்டு. இடது கை முப்பத்தொன்று.

யாரும் சிரிக்கவில்லை. கஜீபன் சால்வையைச் சரிசெய்தார். நம்பிக்கையில்லாத இடத்தில் நீர் தங்காது, இது நம்பிக்கையில்லாத கை என்றார்.

தவராசா தன் கையைப் பார்த்தார். பிறகு கஜீபனைப் பார்த்தார்.

"தம்பி, நான் உங்களிட்ட ஆறு போத்தல் வாங்கி முடிச்சனான். உங்கட சொல்லைக் கேட்டு என்ர மருமகளோட ரெண்டு மாசமாய்க் கதைக்கேல்லை. அவளின்ர கண்தான் எண்டு சொன்னீங்கள். இது நம்பிக்கை இல்லாத கையெண்டால், நம்பிக்கையுள்ள கையை இந்த மண்டபத்தில எங்கை போய்த் தேடுறது?"

தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கஜீபனே பின்வாசலைப் பயன்படுத்தினார். அதற்குள் எனக்கு மாமியின் கண் என்று சொன்னார், எனக்குப் பக்கத்து வீடு என்று சொன்னார் என்று ஆளுக்காள் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் அந்த மண்டபத்தில் பாதிச் சனம் மற்றப் பாதியின் முகத்தை உறிஞ்சியிருந்தது.

யாரோ தகவல் கொடுத்து, பின்னேரம் சுகாதார அதிகாரிகள் வந்து மிச்சப் போத்தல்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். கஜீபனை இரண்டு நாள் கழித்துப் பிடித்தார்கள். அவருடைய பையில் அவர் தன் முகத்துக்குப் பூசும் கிரீம் இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு, கிளிசரின் போட்டது.

மண்டபம் காலியானபோது ஸல்ஹா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. ரிஸ்லா பக்கத்தில் போய் நின்றாள். ஸல்ஹா முகத்திரையைத் தூக்கினாள். கன்னம் சிவந்து, பொருக்கு வெடித்துக் கிடந்தது.

"பாரு," என்றாள். "நல்லாப் பாத்துச் சொல்லு. எத்தின நாள்ல மாறும்?"

"ஆஸ்பத்திரிக்குப் போவம் ராத்தா. டொக்டர்தான் சொல்லோணும்."

மூன்று வாரம் ஆனது. ஸல்ஹா பாடசாலைக்குத் திரும்பினாள். தவராசாவின் மருமகள் இன்னும் முழுதாகக் கதைக்கவில்லை. அதற்குக் களிம்பு இல்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையே ரிஸ்லாவின் கடை வாசலில் முப்பது பேர் நின்றார்கள். முகத்தைப் பார்த்து எது பொருந்தும் என்று அவள் வாயால் சொல்ல வேண்டுமாம். ஒரு அம்மா அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்த்தார். ரிஸ்லா கையை இழுத்துக்கொண்டு, என்னையும் நம்ப வேண்டாம், சீட்டை வாசியுங்கள் என்றாள். அவர்கள் அதைப் பணிவின் அடையாளமாக எடுத்துக்கொண்டு இன்னும் நெருக்கி நின்றார்கள்.

இந்த நாட்டில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் என்று பெருமையாகச் சொல்கிறோம். வாசியுங்கள் ஐயா, வாசியுங்கள் அம்மா. மூளை காய்ந்து போனால் அதற்கு விசிற இன்னும் ஒருவரும் போத்தல் கண்டுபிடிக்கவில்லை.