தடாவில் ஒரு நேபாளம்

உதைத்து உதைத்து பூவராகவனின் செருப்புதான் அறுந்தது. மோட்டார் சைக்கிள் மூச்சுவிடவில்லை. கழுத்தில் கிடந்த ரோஜா மாலைகூட இன்னும் வாடவில்லை. நேபாளம் வரை மோட்டார் சைக்கிளில் போகப்போகிறார் என்று கும்மிடிப்பூண்டி பஜாரில் மைக் செட் கட்டி, நோட்டீஸ் அடித்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி அவரை வழியனுப்பியது அன்று காலையில்தான். ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் நுழைந்து, தடா கடைத்தெருவைப் பார்த்ததும் வண்டி ஒருமுறை இருமிவிட்டு நின்றுவிட்டது.

"இங்கேருந்து உங்க ஊரு எம்மாந்தூரம் சார்? ஒரு மாட்டு வண்டில போட்டுக்கினு திரும்பிடலாமே" என்றான், அங்கே லாரி ரிப்பேர் பார்க்கும் யேசுதாஸ்.

"திரும்பறதா? அதுக்கு இந்த லாரில எதுக்காச்சும் அடியில படுத்துக்கலாம்யா!"

அவர் பயம் அவருக்கு. காசிக்கென்று கிளம்பி, பெஜவாடாவில் வயிற்றுப்போக்கு கண்டு திரும்பிவந்த அருணாச்சலத்துக்கு 'அரைக்காசி' என்று பெயர் வைத்தவரே இவர்தான். அந்த ஆள் தன் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனால்கூட, "அரைக்காசி வந்துட்டுப் போனாரு" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். காசியில் பாதியாவது அவருக்குக் கிடைத்தது. இவருக்கு நேபாளத்தில் எவ்வளவு தேறும்?

பூவராகவனுக்கு நிலம் நீச்சு உண்டு, வேலைதான் கிடையாது. அதனால் ஊரார் வேலையெல்லாம் அவருடையது. ஃபாக்டரிக்காக நிலம் அளக்க வந்த சர்க்கார் ஆளுக்குச் சங்கிலி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். வீட்டில் மனைவி ரத்னா ரசத்துக்குப் பெருங்காயம் கரைத்தால் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம்... போதும்... ஐயோ, கெடுத்துட்டியே!" என்பார். அப்படிப்பட்டவர், ஒருவன் வாயிலும் விழாமல் வாழ்ந்தவர், ஊர் வாயில் விழுவதா?

யேசுதாஸ் எஞ்சினைப் பிரித்தான்.

"பிஸ்டன் புடிச்சிக்கிச்சி சார். மெட்ராஸ் போனாத்தான் கிடைக்கும். பஸ் ஏறுங்க."

"பஸ்ஸு எங்க ஊரு வழியாத்தானே போவும்?"

"வேற வழின்னா சமுத்திரந்தான்."

"நீயே போய் வாங்கியா. எவன் கேட்டாலும் என் பேரை எடுக்காதே."

யேசுதாஸ் போனான், வேறு ஏதோ வண்டியின் பிஸ்டனோடு வந்தான். "கொஞ்சம் தேச்சா உள்ள போய்டும் சார்." தேய்த்தான். உள்ளே போனது. வெளியேதான் வரவில்லை. சுத்தியலால் தட்டியதில் அதைச் சுற்றியிருந்த சிலிண்டரும் விண்டுபோனது.

"இப்ப ரெண்டு சாமான் வாங்கணும் சார்" என்றான், சற்றும் வாடாத முகத்துடன்.

அதுவரை எங்கே ஒளிவது? கடைத்தெருவில் நின்றால் பஸ்ஸில் போகிற எவனாவது பார்த்துத் தொலைப்பான். பூவராகவன் மீசையை எடுத்தார். தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு ஒரு ரைஸ் மில்லின் பின்பக்கம் போய் உட்கார்ந்தார். வேலைக்கு வந்த புது ஆள் என்று நினைத்த மில்காரர், நெல் மூட்டையைத் தூக்கி அவர் முதுகில் வைத்தார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தால் யார், எந்த ஊர் என்று கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டு சுமந்தார். பிறந்ததிலிருந்து அவர் வாயை மூடியது அதுதான் முதல் தடவை. படுக்கை, தவிட்டு அறையில்.

வேஷம் நன்றாகத்தான் இருந்தது, கருவாட்டுக் கூடையோடு செங்கம்மாள் ரயிலிறங்கி வரும்வரை. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்துக்காரி. கும்மிடிப்பூண்டியில் பாதி விற்று, மீதியைத் தடாவில் விற்பவள்.

"இன்னா பூவராவ நைனா, மீசை எங்கே?"

கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. அவளை மில் மறைவுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

"த பாரு செங்கம்மா, நான் இங்க இல்ல. நேபாளத்துல கீறேன். புரிதா?"

"புரிது நைனா. நேபாளத்துக்குக் கருவாடு வேணுமா?"

மூச்சு விடமாட்டேன் என்று கடல்மேல் ஆணையிட்டாள். அன்றிலிருந்து வரும்போதெல்லாம் ஊர்ச் செய்தி கொண்டுவந்தாள். "எங்கே போனாலும் உன் பேச்சுதான் நைனா. இமயமலை ஏறிட்டியாம், பனியில நடந்துக்கினு கீறியாம்." முதுகில் மூட்டையோடு பூவராகவன் பூரித்துப்போனார்.

ஒருநாள் காளஹஸ்திக்குப் போகிற கும்மிடிப்பூண்டிக் கூட்டத்தோடு பஸ் ஒன்று தடாவில் நாஷ்டாவுக்கு நின்றது. பூவராகவன் தவிட்டுக் குவியலுக்குள் தலைகுப்புறப் பாய்ந்தார். பக்கத்து வீட்டுத் தணிகாசலம் நேரே வந்து, அந்த அறை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு பீடி பற்றவைத்தார்.

"நம்ம பூவராகவன் இந்நேரம் காத்மாண்டு சேந்திருப்பாரு!" என்றார், தூரத்து வயலுக்கும் கேட்கும்படி.

"குளுரு தாங்குவாரா?" என்றது இன்னொரு குரல்.

"ஏன் தாங்கமாட்டாரு? நின்னு நிதானமா பாத்துட்டு வரட்டும்!"

தவிட்டுக்குள் பூவராகவன் கண்கலங்கினார். கூடவே தும்மலும் வந்துவிட்டது.

"இன்னாது?"

"எலி. மில்லுன்னா இருக்கும்" என்றார் தணிகாசலம். பஸ் போய்விட்டது.

ஊர் இவ்வளவு நம்பியபிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? உடம்பெல்லாம் தவிட்டு அரிப்போடு அவர் மூட்டை சுமந்தார். கடைசியில் யேசுதாஸ் சரியான சாமான்களைப் பிடித்துவந்து மாட்ட, வண்டி ஊரெழும்பும்படி உறுமியது. பூவராகவன் முண்டாசை வீசியெறிந்தார். கோயில், பனி, மலை, பள்ளத்தாக்கு என்று சொல்லவேண்டிய கதைகளை வண்டிக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினார்.

"செங்கம்மா, ஊட்டுக்குப் போய், அவரு பெஜவாடா தாண்டி வந்துக்கினு கீறாருன்னு லாரிக்காரன் சொன்னதா ரத்னா காதுல போடு. வரவேற்பு ஏற்பாடெல்லாம் பண்ணணும் பாரு."

அடுத்தமுறை செங்கம்மாள் வந்தபோது, அவர் கழுத்தில் புது மாலையோடு வண்டிமேல் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"சொன்னியா? பந்தல் போடறாங்களா? மேளம் யாரு?"

செங்கம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். வெற்றிலையைத் துப்பினாள்.

"தெருவே கூடிப் பேசிடுச்சி நைனா. 'தவிட்டு அரிப்புக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல்லு, இப்பத்தான் ஊரு நிம்மதியா சோறு துண்ணுது, அப்படியே பூட்டானையும் பாத்துட்டு வரச் சொல்லு'ன்னு உன் சம்சாரம் சொல்லி அனுப்பிச்சி."