நாலாவது கூறு

ராஜபாளையத்து மில் வாசலை யாரும் பெயர்த்துக்கொண்டு போய்விடாமல் காத்துவரும் மாப்பிள்ளை சோலைராஜ் அவர்களுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து மச்சான் மாரிச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரியும் சுகம். நான் வேலை பார்க்கும் கடையில் பால்கோவாச் சட்டிகள் மூன்றும் சுகமில்லை. காரணம் நீங்கள்.

போனில் கேட்டால் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். நாலாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து வரிசையில் நிற்காது. நீங்கள் பட்டாளத்துக்காரர், அதட்டி நிற்க வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் இங்கே வந்தபோது சணல் கட்டிய ஒரு புத்தகத்தைக் கொடுத்தீர்களே, அதில் ஆரம்பித்தது எல்லாம். பிரித்தால் அட்டை இல்லை, முதுகு இல்லை, தனித்தனியாக மூன்று கட்டு. "என்ன மாப்ள, புத்தகத்தை ஆட்டுக்கறி மாதிரி கூறு போட்டிருக்கீக?" என்றேன். "பட்டாளத்துல கூடாரத்துக்கு ஒரு புத்தகந்தான் மச்சான். முழுசா இருந்தா ஒருத்தன் படிப்பான், நாலு கூறு போட்டா நாலு பேரு படிப்பான்" என்றீர்கள். நான் சிரித்தேன். நாலு கூறில் மூன்றுதான் கையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். பால் கொதித்துவிட்டால் துடுப்பை விடக்கூடாது. கைக்கு ஓய்வில்லை, காதுக்கு வேலையில்லை. நான், கருத்தம்மா, ஹரிகிருஷ்ணன் மூவரும் மூன்று சட்டியில் கிண்ட, பெட்டி கட்டுகிற முனீஸ்வரிதான் வாசித்தாள். எங்களில் பத்தாவது வரை படித்தவள் அவள்தான். புருஷன் டைல்ஸ் ஒட்டக் கேரளாவுக்குப் போய் ஆறு வருடம், ஒரு தகவலும் இல்லை. அவளும் பேசமாட்டாள், நாங்களும் கேட்கமாட்டோம்.

கதையில் வடிவு என்று ஒருத்தி. ஒரு நாள் காலையில் அவளிடம் சொல்லாமல் புருஷன்காரன் கப்பலேறிவிட்டான். முனீஸ்வரி அதை வாசித்ததும் மூன்று துடுப்பும் நின்றுவிட்டது. தீய்ந்த வாசனைக்கு முதலாளி ஓடி வந்தார்.

"ஏலே, மூணு சட்டியும் ஒரே நேரத்துல எப்படிலே அடிப்பிடிக்கும்? பேசி வச்சீகளா?"

"அந்தப் பாவி கப்பலேறிட்டான் மொதலாளி" என்று கருத்தம்மா மூக்கைச் சிந்தினாள்.

முதலாளி பதறிப்போய் எங்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். ஆள் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் திட்டினார். இனிமேல் கடையில் வாசிப்பே கிடையாது என்றார். மறுநாள் அவரே நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு, "ஏட்டி முனீஸ்வரி, கப்பல்ல போனவன் காயிதம் கீயிதம் போட்டானா?" என்றார். பொறவு ஒரு சட்டம் வந்தது: பால் இறுகும்வரை வாசிக்கலாம், இறுக ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். பாலுக்குக் கதை தெரியுமா? நல்ல இடமாகப் பார்த்துத்தான் இறுகும். கால் கிலோ வாங்க வந்த வத்திராயிருப்பு அம்மா ஒருவர் நின்று கேட்டதில் பஸ்ஸை விட்டுவிட்டு எங்களைத் திட்டினார். இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் வருகிறார், அடுத்த பஸ் எப்போது என்று விசாரித்துக்கொண்டே.

மூன்றாவது கூறும் முடிந்தது. கடைசி வரி எனக்கு மனப்பாடம். யாரோ தட்டுகிறார்கள், வடிவு கதவைத் திறக்கிறாள், 'அங்கே'. அம்புட்டுதான். பக்கம் தீர்ந்துவிட்டது. போஸ்ட்மேன் என்கிறாள் கருத்தம்மா. போலீஸ் என்கிறான் ஹரிகிருஷ்ணன். வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பான் என்று முதலாளி. முனீஸ்வரி மட்டும் மூன்று கூறையும் அடுக்கிச் சணலைப் போட்டுக் கட்டிவிட்டாள். உங்களுக்குப் போன் போட்டால், "பத்திரமா பெட்டியில இருக்கு மச்சான்" என்று ஒரு சிரிப்பு. கூடாரத்தில் இப்படிச் சிரித்திருந்தால் உங்களை யாராவது சுட்டிருப்பார்கள். ஆகவே மாப்பிள்ளை, இதைக் கண்டவுடன் நாலாவது கூறை அனுப்பிவையுங்கள். வாசலில் நிற்பது யார் என்று தெரியாமல் இங்கே ஒருத்தருக்கும் தூக்கம் இல்லை.

தங்கச்சி செல்லக்கனிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் மில் கேட்டுக்கு ஒரு சல்யூட். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
மச்சான் மாரிச்சாமி

பி.கு.: இதை அரைக் கிலோ பால்கோவாவுக்கு அடியில் வைத்து அனுப்ப ஐந்து நாளாக ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பால்கோவாவை நான் தின்றுவிட்டேன், இது புதிது. அதற்குள் ஒன்று நடந்துபோனது. என் வாய்தான் தெரியுமே. "ஏட்டி முனீஸ்வரி, நீ சொல்லு, வாசல்ல யாரு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவள் பெட்டிக்கு நூல் சுற்றிக்கொண்டே, "அவருதான் நிக்காரு. மழையில நனைஞ்சுபோயி நிக்காரு. இவ ஒண்ணும் கேக்கல, துண்டு எடுத்துக் குடுக்கா" என்றாள். நாங்கள் யாரும் தலையைத் தூக்கவில்லை. அன்றைக்கு ஒரு சட்டிகூட அடிப்பிடிக்கவில்லை.

மறுநாள் அவளே ஒரு வெறும் பட்டர் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்கொண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். நடுநடுவே அதைத் திருப்பவும் செய்கிறாள். முதலாளிக்குத் தெரியும். தெரிந்தே நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போடுகிறார். வத்திராயிருப்பு அம்மாவுக்குத் தெரியாது. "இந்த எழுத்தாளர் இப்பத்தான் நல்லா எழுதுதாரு" என்கிறார்.

ஆகவே மாப்பிள்ளை, நாலாவது கூறை அனுப்ப வேண்டாம். வாசலில் யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், சொல்லாதீர்கள். துண்டை வாங்கித் துவட்டியவனுக்கு இன்றைக்குத்தான் வடிவிடம் ஏச்சு ஆரம்பித்திருக்கிறது. ஆறு வருடத்து ஏச்சு. செத்த நேரம் வாங்கட்டும்.