மிதக்கும் வீட்டில் என் எவர்சில்வர் தட்டு

எனக்கு எழுபத்தோரு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. (ஆறாவது என் வீட்டுக்காரர். வளர்த்து முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.) படிப்பு எனக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுதான். மற்ற எழுத்தெல்லாம் பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து களவாடியது. அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம்.

பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே விரல் கறுத்தவள் நான். அப்படிப்பட்டவள், தண்ணீர் மேல் மிதக்கிற விடுதியில் விருந்தாளியாகத் தங்கப் போனேன். போனவள் சும்மா வரவில்லை.

என் கடைக்குட்டி தேவிக்கு அங்கேதான் வேலை. கேரளத்து எல்லையை ஒட்டி, அடர்ந்த காட்டுக்கு நடுவே ஓர் ஏரி. அதில் டிரம்களைக் கட்டி மிதக்கவிட்டு, மேலே மரவீடுகள். (விடுதியின் பெயரை எழுத மாட்டேன். அவள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறாள்.) வேலை செய்கிறவர்களின் தாய் தகப்பன் வருஷத்துக்கு ஒருமுறை சும்மாவே தங்கலாமாம். அந்த மாசம்தான் அவளை சூப்பர்வைசராகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியே வந்து தங்கியிருந்தார். விருந்தாளிகள் குறை சொல்லாமல் திரும்பினால் அந்த வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் பழையபடி படுக்கை விரிப்பு மாற்றப் போக வேண்டியதுதான்.

"அந்த நேரம் பாத்து நான் எதுக்குடி?" என்றேன்.

"அடுத்த மாசம் மழை புடிச்சிரும். வாம்மா. ஒன்னே ஒன்னு, சத்தம் மட்டும் போடாத. அங்க வர்றவங்க அமைதிக்குத்தான் வர்றாங்க."

"நான் என்னிக்குடி சத்தம் போட்டேன்?" என்று நான் கேட்டது, மூன்று வீடு தள்ளிக் கேட்டதாம்.

ஊர் பேர் தெரியாதவர்கள் சாப்பிட்ட தட்டில் நான் சாப்பிட மாட்டேன். அதனால் என் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் துணிக்கு நடுவே வைத்துக் கட்டினேன். தேவி பார்த்துவிட்டாள்.

"அங்க நல்ல பீங்கான் தட்டு இருக்கும்மா."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். இது பாட்டுக்கு வரட்டும்."

விடுதியில் எனக்குக் கொடுத்த மிதவை வீட்டுக்குள் கால் வைத்ததும், 'யார் நீ?' என்று கேட்பதுபோல வீடு ஓர் ஆட்டம் ஆடியது. சின்னப் பிள்ளையில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த ஞாபகம் வந்தது. அன்றைக்கு எங்கே போய்ச் சேருவோம் என்று எங்கள் அப்பாவுக்கே தெரியாது. இப்போது போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை, சும்மா மிதந்தால் போதும். வெள்ளை வெளேர் என்று விரிப்பு. கசங்கிவிடப் போகிறதே என்று ஓரமாகப் படுத்தேன். தேவி வந்து போர்த்திவிட்டாள். நான் போர்த்தி வளர்த்த பிள்ளை எனக்குப் போர்த்துகிறது. கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடித்தேன்.

"விடியுறப்ப வெளிய வந்து நில்லும்மா. ஒன்னு காட்டணும்" என்றாள்.

"என்னது?"

"இப்பச் சொல்ல மாட்டேன்."

அதை மட்டும் அவள் சொல்லித் தொலைத்திருந்தால், நான் இன்றைக்கு இதை எழுத வேண்டியதில்லை.

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பலாப்பழக் காலம் வந்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு யானை வரும். முதலில் பார்க்கிறவர்கள் கையில் கிடைத்ததைத் தட்ட வேண்டும். அதைக் கேட்டு அடுத்த வீடு தட்டும், அதற்கடுத்த வீடு தட்டும். பார்த்தும் தட்டாமல் இருந்தவளை ஒரு வருஷத்துக்குப் பேசியே கொன்றுவிடுவார்கள். முதலில் தட்டுவதில் ஒரு பெருமையும் உண்டு. எங்கள் லயத்தில் அந்தப் பெருமை பெரும்பாலும் எனக்குத்தான்.

விடிந்தது. ஏரி மேல் பால் பொங்கின மாதிரி மூடுபனி. தட்டைக் கழுவலாம் என்று வாசலுக்கு வந்தேன். எதிரே ஏரிக்குள் நீண்டிருந்த மண்திட்டில் கறுப்பாக நாலைந்து பாறை. நேற்று அங்கே பாறை இல்லையே என்று பார்த்தேன். ஒரு பாறை காதை ஆட்டியது.

அதன் பிறகு நடந்ததற்கு என் மூளை பொறுப்பில்லை. கைதான் பொறுப்பு.

"யானை வந்துருச்சேய்ய்! கதவைச் சாத்துங்க! புள்ளைகள உள்ள இழுங்க!" டங்கு டங்கு டங்கு என்று கரண்டியால் தட்டினேன்.

பக்கத்து மிதவை வீட்டு வாசலில் ஒரு சென்னைக்காரர், கையில் பெரிய கேமராவோடு, "மேடம்! ப்ளீஸ் மேடம்!" என்று குதித்தார். பாவம், பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"பயப்படாத தம்பி! நீயும் தட்டு! கையில இருக்கறதத் தட்டு!"

யானை தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஆட்கள் தங்குகிறார்கள் என்பதும், எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

இது போதாதென்று, கரையிலிருந்த சமையல்கட்டில் சமையல்காரர் பஷீர். அவர் ஐயன்கொல்லிக்காரர். தட்டுச் சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்து ஆளின் கை சும்மா இருக்குமா? வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், யார் என்ன என்று கேட்காமல் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அடிக்க ஆரம்பித்தார்.

அந்தப் பக்கம் அண்டா, இந்தப் பக்கம் தட்டு. யானைகளுக்கு வேறு வழியில்லை. தண்ணீருக்குள் இறங்கிவிட்டன.

இறங்கி, நீந்தின. தும்பிக்கைகள் மட்டும் மேலே தெரிந்தன. நடுவில் ஒரு குட்டி. அது முங்கப் பார்க்கும்போதெல்லாம் தாய் தன் உடம்பை அணைகொடுத்துத் தூக்கிக்கொண்டே போனது. என் கை தானாக நின்றுவிட்டது. ஆயுசு முழுக்க யானை பார்த்திருக்கிறேன். என் வாழையைத் தின்கிற முன்பக்கம் பார்த்திருக்கிறேன், ஓடுகிற பின்பக்கம் பார்த்திருக்கிறேன். பிள்ளையைக் கரை சேர்க்கிற யானையைப் பார்த்ததில்லை. அக்கரையில் குட்டி ஏறும்வரை நான் மூச்சு விடவில்லை.

தேவி ஆடுகிற பலகைப் பாலத்தில் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா, உனக்குக் காட்டணும்னு சொன்னது அதைத்தாம்மா."

தட்டை முந்தானைக்குள் ஒளித்தேன். கரண்டி வெளியே தெரிந்தது. அதற்குள் முதலாளி வந்துவிட்டார், லுங்கியோடு.

"யாரு தட்டியது?"

தேவி வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் வந்தேன். "நான்தாங்க. எங்க பக்கம் மொதல்ல பாக்குறவ தட்டணும். பாத்தேன், தட்டுனேன். என் மக மேல குத்தமில்ல. தண்டனைன்னா தட்ட எடுத்துக்கங்க, அவ வேலைய எடுத்துராதீங்க."

வீடு மறுபடி ஓர் ஆட்டம் ஆடியது. அப்போது அந்தச் சென்னைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"சார், யானை நீந்தி நான் பார்த்ததே இல்ல. வாயப் பொளந்துட்டு நின்னதுல ஒரு படம்கூட எடுக்கல. நாளைக்கும் இந்தம்மா தட்டுவாங்களா?"

"இல்ல! இனி ஒருக்காலும் இல்ல!" என்று முதலாளி போட்ட சத்தம் என் தட்டைவிடப் பெரிசு. விருந்தாளிகள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் அவரும்.

தட்டை வாங்கி ஆபீசில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போதுதான் திருப்பிக் கொடுத்தார்; அதுவரை பீங்கான் தட்டில்தான் சாப்பிட்டேன். (நன்றாகத்தான் இருந்தது. தேவியிடம் சொல்லவில்லை.) மாசக் கடைசியில் அவள் வேலை நிலைத்தது. "உங்க அம்மை இனி வரும்போ முன்னாடியே சொல்லணும். எனக்கில்ல, ஆனைகளுக்கு" என்றாராம் முதலாளி, தன் மலையாளத் தமிழில். குறை சொல்லாத அந்த விருந்தாளிகள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

வீட்டில்தான் விடமாட்டேன் என்கிறார்கள். எந்தக் கல்யாணப் பந்திக்குப் போனாலும் என் மூத்தவன் கத்துவான்: "அம்மாவுக்கு இலை போடுங்கப்பா, தட்டு குடுத்துராதீங்க!"

போன பலாக் காலத்திலும் யானை வந்தது. முதலில் பார்த்தது நான்தான். தட்டை எடுத்தேன். கூடக் குட்டி இருக்கிறதா, போக வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் தட்டினேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி தட்டிவிட்டாள். போகட்டும், ஒரு தடவை அவளுக்கும் பெருமை இருக்கட்டும்.

யாழினி, என் பேத்திக் கண்ணு, இங்கே வா. என் எழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை. முதலிலிருந்து படித்துக் காட்டு. யானை வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படி. உன் தேவி அத்தை லீவில் வந்து உள்ளே தூங்குகிறாள். நான்தான் போர்த்திவிட்டு வந்தேன்.